சயானில் திரும்பாத சைக்கிள்

சைக்கிளில் வேலைக்குப் போவதால் வரும் லாபங்களை ஒருவர் எனக்கு இரண்டு வருஷம் தினமும் சொல்லிக்கொண்டே வந்தார். காலையில் போகும்போது ஒரு தடவை, சாயங்காலம் திரும்பும்போது ஒரு தடவை. அவர் எங்கள் ஆபீஸ் ஹெட் கிளார்க். மாட்டுங்காவில் கோயிலுக்குப் பின்தெருவில் குடியிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. நெற்றியில் விபூதி, கேரியரில் டிபன் டப்பா, பேண்ட் நுனி செயினில் சிக்காமல் இருக்கக் கணுக்காலில் இரண்டு இரும்புக் கிளிப்பு.

"ராத்திரி சாப்பிட்டது காலம்பற பத்து மணிக்குள்ள ஜீரணம் ஆயிடும். டாக்டர் ஆத்துப் பக்கம் தலை வெச்சுப் படுக்க வேண்டாம். ரயில்ல கண்டவன் கால்ல மிதி வாங்க வேண்டாம். லேட்டுன்னு ஒருநாள் உண்டா எனக்கு? இன்னும் என்ன வேணும்னு கேக்கறேன்" என்பார். ஏதோ நான் வேண்டாம் என்று வாதாடியது மாதிரி.

நான் "ஆமா சார்" என்பேன். எனக்கு அதில் இருந்த லாபம் வேறு, அதை அவரிடம் சொல்ல முடியாது. பஸ்ஸில் போகிறவன் எந்த ஸ்டாப்பில் ஏறினான் என்று நாலு பேருக்குத் தெரியும். ரயிலில் போகிறவனின் பாஸில் ஸ்டேஷன் பேர் அச்சடித்திருக்கும். சைக்கிளில் போகிறவன் எங்கிருந்து வருகிறான் என்று எவனுக்கும் தெரியாது. எனக்கு அது ஒன்றுதான் லாபம். அதற்காகத்தான் நான் மழையிலும் வெயிலிலும் மிதித்தேன்.

நான் இருந்தது தாராவியில், லேபர் கேம்ப்புக்குள். முழுப்பேர் மாட்டுங்கா லேபர் கேம்ப். கல்யாணமாகி நாங்கள் இருந்த அறைக்கு எதிரே ஒரு தோல் கிடங்கு. உப்பு போட்டு அடுக்கிய பச்சைத் தோல் வாடை எங்கள் சோற்றிலும் பாயிலும் கொடியில் காயும் துணியிலும் இருந்தது. என் அப்பா அந்த மாதிரி ஒரு கிடங்கில் உப்புச் சுமந்து, கை பொத்துப்போய், கடைசியில் இருமி இருமிச் செத்தார். ஊரில் எங்கள் ஜாதியை எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று இங்கே எழுதப்போவதில்லை. திருநெல்வேலிச் சீமையில் தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்கக்கூடாத ஜாதி என்று மட்டும் சொன்னால் போதும், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அப்பா என்னை முனிசிபாலிட்டிப் பள்ளிக்கூடத்திலும் பிறகு ராத்திரிப் பள்ளிக்கூடத்திலும் படிக்க வைத்தார். டைப்பிங் படித்தேன். அறுபதுகளின் நடுவில் செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் தபால் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். நேர்முகத்தில் இரண்டு கேள்வி முடிந்ததும் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த இந்த ஹெட் கிளார்க் தமிழில் கேட்டார்: "எங்கேயிருந்து வரே?"

"மாட்டுங்கா சார்" என்றேன்.

லேபர் கேம்ப் என்ற இரண்டு வார்த்தையை முழுங்கிவிட்டேன். வெறும் மாட்டுங்கா என்றால் அவர் மாதிரிப் பிராமணர்கள் குடியிருக்கும் பக்கம். தெரிந்தேதான் முழுங்கினேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "அட, நம்ம பக்கம்" என்றார். அன்றைக்கே வேலை தற்காலிகமாகக் கிடைத்துவிட்டது. மறுநாள் ஃபாரத்தில் முகவரி எழுதச் சொன்னபோது கிங்ஸ் சர்க்கிள் அருகே ஒரு மெஸ்ஸின் பேரைப் போட்டு, அதன் பின்பக்க அறை என்று எழுதினேன். அந்த மெஸ்ஸில் நான் ஒருவேளை சோறுகூடத் தின்றதில்லை. நாள் முழுக்க ஊரான் முகவரிகளைக் கவரில் எழுதுவது என் உத்தியோகம். என் முகவரி ஒன்றுதான் பொய்.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவர், "நானும் சைக்கிள், நீயும் சைக்கிள். கிங்ஸ் சர்க்கிள்ல எட்டு மணிக்கு நில்லு, சேர்ந்தே போலாம்" என்றார்.  எந்த வாயால் மாட்டேன் என்று சொல்வது?

அன்றிலிருந்து என் காலை வழி இப்படி. எங்கள் சந்திலிருந்து கிளம்பி சயான் ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கினால் பெரிய சாலை. அங்கிருந்து செம்பூருக்கு நேரே போய்விடலாம். நான் அப்படிப் போகமாட்டேன். தெற்கே திரும்பி, ஆஸ்பத்திரி மதிலை ஒட்டிப் போய், மொத்தம் ஒன்றரை மைல் மிதித்துக் கிங்ஸ் சர்க்கிள் போவேன். அங்கே ஒரு பூக்கடை ஓரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இப்போதுதான் பின்தெருவிலிருந்து வந்தவன் மாதிரி நிற்பேன். அவர் மணியடித்துக்கொண்டு வருவார். இரண்டு பேரும் வந்த வழியே வடக்கே மிதித்து, மறுபடியும் அதே மதிலைத் தாண்டி, மறுபடியும் சயான் வந்து, அங்கிருந்து செம்பூர் சாலையைப் பிடிப்போம். சாயங்காலம் இதே கூத்து தலைகீழாக. சயானில் வலது பக்கம் ஒடித்துப் பாலம் ஏறினால் நாலு நிமிஷத்தில் என் வீடு. நான் இடது பக்கம் அவரோடு திரும்பி, கிங்ஸ் சர்க்கிள் போய், "வரேன் சார்" என்று சொல்லி மெஸ் இருந்த சந்துக்குள் நுழைந்து, அவர் மறையும்வரை நின்று, பிறகு திரும்பி வருவேன்.

சயான் முச்சந்தியில் ஒரு மஞ்சள் தொப்பிப் போலீஸ்காரர் கை காட்டிக்கொண்டு நிற்பார். தினமும் காலையில் தனியாகத் தெற்கே போய், அரைமணியில் ஒரு விபூதிக்காரரோடு திரும்பி வருகிற இந்தப் பையனை அவர் கவனித்திருக்க வேண்டும். ஒருநாள் நான் தனியாகப் போகும்போது, "க்யா ரே, ரோஜ் ரோஜ் கூம்தா ஹை?" என்று சிரித்தார். தினமும் என்னத்துக்கடா சுற்றுகிறாய் என்று கேட்டவர் அந்த நகரத்தில் அவர் ஒருவர்தான். நானும் சிரித்துவைத்தேன்.

இன்னொரு லாபமும் இருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். இத்தனை மைல் எதிர்காற்றில் மிதித்தால் சட்டையிலிருந்து தோல் வாடை போய்விடும் என்று. சட்டையைக் கழற்றி முகர்ந்து பார்ப்பேன். எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த வாடையிலேயே பிறந்து வளர்ந்த மூக்குக்கு எப்படித் தெரியும்? இந்த அறிவு அப்போது இல்லை.

பேச்சு இன்னொரு தொல்லை. வாயைத் திறந்தால் எங்கள் ஊர் வந்துவிடும். அதனால் ஆபீஸில் இங்கிலீஷ். அவரோடு சைக்கிளில் போகும்போது பத்திரிகையில் படித்த தமிழில் பேசினேன். "வாரேன்" என்று வருவதை "வருகிறேன்" என்பேன். அவர் ஒருநாளும் அதைக் கேலி செய்ததில்லை.

நான் அவரை வெறுத்தேன் என்று நினைத்துவிடக் கூடாது. அப்படி இருந்திருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருக்கும். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. என் டயர் பஞ்சரானபோது அவரும் இறங்கி ஒரு மைல் தள்ளிக்கொண்டு வந்தார். மழைக்காலத்தில் செம்பூர் சாலையில் லாரிகள் சேற்றை வாரி அடிக்கும்போது என்னை உள்பக்கம் போகச் சொல்லி அவர் வெளிப்பக்கம் வருவார். கிளிப்பு ஒரு ஜோடி எனக்கும் வாங்கிக் கொடுத்தார். தபால் கவர் ஒட்டுவது முதல் மேனேஜருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்பதுவரை சைக்கிள் மிதித்துக்கொண்டே சொல்லித் தந்தார். இரண்டு வருஷத்தில் அவர் என்னை அவர் வீட்டுக்கு வா என்று ஒரு தடவையும் கூப்பிட்டதில்லை. கிங்ஸ் சர்க்கிளிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. என் அறை எந்தச் சந்தில், எத்தனாம் நம்பர் என்று அவர் கேட்டதும் இல்லை. நான் அதைப் பெரிய அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். பார் முட்டாளை.

ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு வந்தேன். அதை அவரிடம் சொன்னபோது, "சௌக்யமா இருங்கோ" என்றார். அவ்வளவுதான். கோயிலுக்கு அழைத்து வா என்றுகூடச் சொல்லவில்லை.

என் மனைவி கெட்டிக்காரி. வந்த நாலைந்து மாதத்திலேயே, எங்கள் சந்திலிருந்து செம்பூர்ப் பக்கமே வேலைக்குப் போகிறவன் ஆறு மணிக்கெல்லாம் வந்துவிட, தன் புருஷன் மட்டும் ஏழு மணிக்கு வருவது ஏன் என்று கணக்குப் பார்த்துவிட்டாள்.

"அவரு பஸ்ஸுல வாராரு, நீங்க சைக்கிள்ல வாரிய. நீங்கதான முந்தி வரணும்? எங்கிட்டுப் போயிட்டு வாரிய?" என்று கேட்டாள்.

அவள் மனதில் வேறு எண்ணம் ஓடுகிறது என்று தெரிந்ததும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். முழுவதையும் கேட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அப்போது அவளுக்கு நாலாம் மாசம். வயிற்றைத் தடவிக்கொண்டு, "அப்பம் இது பொறந்தா இதுக்கும் மாட்டுங்கான்னு சொல்லிக்குடுப்பியளா?" என்று கேட்டாள்.  வேலை நிரந்தரம் ஆகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் விடியற்காலையில் அவளுக்கு வலி கண்டது. எங்கள் சந்தில் பிரசவம் எல்லாம் வீட்டில்தான். பக்கத்து அறையில் ஓர் அக்கா இருந்தாள். சந்தில் பிறந்த பிள்ளைகளில் பாதி அவள் கையில் விழுந்தவைதான். அவள் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தலைச்சம் பிள்ள. பொழுதடைஞ்சிரும். நீ இங்க குறுக்கயும் நெடுக்கயும் நடந்து என்ன செய்யப்போற? வேலைக்குப் போயிட்டு வா தம்பி" என்றாள்.

லீவு போடலாம்தான். போட்டால் எதற்கு என்று எழுத வேண்டும். எழுதினால் ஆபீஸில் இரண்டு பேர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கக் கிளம்பினாலும் கிளம்புவார்கள். மெஸ்ஸின் பின்பக்கத்தில் போய் யாரைப் பார்ப்பார்கள்? அதனால் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னைக்காவது சுத்தாம வாரியளா?" என்றாள்.

"நேரே வந்துருதேன். ஆறு மணிக்கெல்லாம் இங்க நிப்பேன். எதுன்னாலும் சைக்கிள்ல வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரலாம், அஞ்சு நிமிசம்" என்றேன். அதைச் சொன்னபோது மனதாரத்தான் சொன்னேன்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. கவர்களில் முகவரி மாறிப்போட்டுக் கிழித்தேன். ஐந்தரைக்கு மணி அடித்ததும் சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அவர் ஏற்கெனவே கிளிப்பு மாட்டிக்கொண்டு நின்றார். சயானில் என்ன சொல்லிக் கழன்றுகொள்வது என்று காலையிலிருந்தே யோசித்து வைத்திருந்தேன். சயான் ஸ்டேஷனில் ஒரு சிநேகிதன் வந்து இறங்குகிறான், பார்த்துவிட்டு வருகிறேன் என்று. நல்ல பொய். ஒரு குறையும் இல்லாத பொய்.

தூறல் இருந்தது. நான் வேகமாக மிதித்தேன். பின்னாலிருந்து, "என்னப்பா, ரேஸா? கிழவனைக் கொன்னுடாதே" என்று சிரித்துக்கொண்டே வந்தார். சயான் முச்சந்தி தெரிந்தது. பாலம் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பக்கத்தில் வந்து சேர்ந்துவிட்டார்.

"உங்கிட்ட சொல்லணும்னு காலம்பறலேர்ந்து வெச்சிண்டிருக்கேன். உன் ஃபாரம் நாளைக்கு மேல போறது. பெர்மனெண்ட். மேனேஜர் கேட்டார், பையன் எப்படி, எந்த எடம்னு. மாட்டுங்காப் பையன், எனக்கு நன்னாத் தெரியும்னு சொல்லியிருக்கேன். ஒண்ணும் கவலைப்படாதே."

மஞ்சள் தொப்பி கையை எங்கள் பக்கம் காட்டியது. வலது பக்கம் பாலம். என் கை ஹேண்டில்பாரில் இருந்தது. அந்தக் கையை நீட்டி வலது பக்கம் காட்டியிருக்க வேண்டும். ஸ்டேஷன் சிநேகிதன் நாக்கு நுனியில் இருந்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு ஃபாரம் போகட்டும், இன்று ஒருநாள் எதுவும் தட்டாமல் போகட்டும் என்று நினைத்தேன். இடது பக்கம் திரும்பினேன். ஆஸ்பத்திரி மதில் கூடவே வந்தது.

கிங்ஸ் சர்க்கிளில் "வரேன் சார்" என்றேன். அவர் விடவில்லை. "இரு, நல்ல சேதி சொல்லியிருக்கேன். ஒரு காபி குடிக்காம போறதா?" என்று என்னைக் கூட்டிக்கொண்டு ஹோட்டலுக்குள் போனார். இரண்டு வருஷத்தில் முதல் காபி. டம்ளர் கொதித்தது. ஆற்றிக் குடிக்க எனக்குப் பொறுமை இல்லை, அப்படியே வாயில் ஊற்றினேன். நாக்கு வெந்துபோயிற்று. "பதட்டம் என்ன? பொறுமையா சாப்பிடு" என்று தன் டம்ளரை ஆற்றி ஆற்றிக் குடித்தார். நடுவில் சர்க்கரை வியாதிக்குச் சைக்கிள் எப்படி மருந்து என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேன். சிரிக்கக்கூடச் சிரித்தேன்.

பிறகு மெஸ் சந்துக்குள் போய் நின்றேன். அன்றைக்கும் நின்றேன். அவர் மறைந்தபிறகுதான் வெளியே வந்தேன். அதன்பிறகு மிதித்த மிதியில் செயின் அறுந்துபோகாதது ஆச்சரியம்.

எங்கள் சந்தில் அப்போது யார் வீட்டிலும் கடிகாரம் கிடையாது. பொழுது தெரிவது தண்ணீர்க் குழாயை வைத்துத்தான். சாயங்காலம் ஆறு மணிக்குத் தண்ணீர் வரும், அரைமணி வந்துவிட்டு நின்றுவிடும். நான் போனபோது குழாயடியில் ஒருவரும் இல்லை, குடங்கள் இல்லை, தரை மட்டும் ஈரமாக இருந்தது. பெண்கள் எங்கள் வாசலில் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். 

ஆண்பிள்ளை. பழைய சேலையில் சுற்றி அவள் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். நான் வாசலிலேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஸ்டாண்டு போடக்கூடத் தோன்றாமல்.

அந்த அக்கா வெளியே வந்து என் கையிலிருந்து சைக்கிளை வாங்கிச் சுவரில் சாய்த்தாள்.  "தண்ணி வாரதுக்குக் கொஞ்சம் முந்திப் பொறந்துது தம்பி. அழவே இல்ல. நீலமா இருந்துது. முதுகுல தட்டுனேன், ஊதுனேன், மூச்சு விட்டுவிட்டு வந்துது. தண்ணி வந்தப்பம் உசுரு இருந்துது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிருவமான்னு கேட்டேன். தண்ணி வந்துட்டு, அவிய இந்தா வந்துருவாவ, சைக்கிள்ல அஞ்சு நிமிசத்துல கொண்டுபோயிருவாவன்னு ஒம் பொண்டாட்டி சொன்னா. சந்துல ஆம்பிளையும் இல்ல, பஸ்ஸுல வாரவரும் மழையில வந்து சேரல. மழையா இருக்கு, நடந்து பாலம் ஏறதுக்குள்ள நீயே வந்துருவேன்னு நானும் பாத்தேன். பாத்துக்கிட்டே இருந்தோம். தண்ணி நின்னப்பம் அது இல்ல."

தூக்கிப்போயிருந்தாலும் பிழைத்திருக்காது என்று பிற்பாடு பலபேர் எனக்குச் சொன்னார்கள். நீலமாகப் பிறந்த பிள்ளைகள் பிழைப்பதில்லை என்றார்கள். இருக்கலாம். அவர்கள் என்னைத் தேற்றுவதற்குச் சொன்னார்களா, தெரிந்து சொன்னார்களா, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் பிள்ளை உயிரோடு இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் ஆஸ்பத்திரி மதிலை ஒட்டி இரண்டு தடவை போனேன், ஒரு காபி குடித்தேன்.

உள்ளே போனேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.  வெந்த நாக்கு எரிந்துகொண்டே இருந்தது. மூன்று நாள் எரிந்தது. சோறு வைத்தால் எரிந்தது, தண்ணீர் குடித்தால் எரிந்தது. எதற்காக எரிகிறது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. இதுவரை சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பிள்ளையைப் புதைக்க எடுத்துப் போனோம். என் கையில்தான் இருந்தது. ஒன்றுமே கனமில்லை. யாரோ சைக்கிளில் உட்காரச் சொன்னார்கள், தள்ளிக்கொண்டு வருகிறேன் என்றார்கள். நான் சைக்கிளைத் தொடவே இல்லை, மழையில் நடந்தே போனேன்.

மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். கிங்ஸ் சர்க்கிளுக்குப் போகவில்லை, பஸ்ஸில் போனேன். என் மேஜையில் உட்காருவதற்குள் ஹெட் கிளார்க் வந்துவிட்டார். "ரெண்டு நாளா சொல்லாம கொள்ளாம எங்கே போயிட்டே? ஃபாரம் போயாச்சு, கையெழுத்தும் ஆயாச்சு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "என்னப்பா?" என்றார்.

"குழந்தை பிறந்தது சார். செத்துப்போச்சு" என்றேன்.

"எப்போ?"

"அன்னைக்குச் சாயங்காலம். ஆறு மணிலருந்து ஆறரைக்குள்ள."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். மெதுவாகச் சொன்னார்: "நீ அன்னிக்கு சயான்லயே திரும்பியிருக்கலாமேப்பா."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவருக்குத் தெரியும். எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. என் சட்டையை முகர்ந்தே தெரிந்திருக்கலாம், என் பேச்சிலே தெரிந்திருக்கலாம், முதல் நாளே தெரிந்திருக்கலாம். தெரிந்துதான் மேனேஜரிடம் மாட்டுங்காப் பையன் என்று எனக்காகப் பொய் சொன்னார். தெரிந்துதான் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. தெரிந்துதான் இரண்டு வருஷம், தினம் இரண்டு வேளை, நான் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் மிதித்து வந்தார். அந்த மேஜையைத் தூக்கி அவர் தலையில் போட வேண்டும் போல இருந்தது. அவர் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. கவர்களை எடுத்து முகவரி எழுத ஆரம்பித்தேன்.

அன்றிலிருந்து அவர் என்னோடு வரவில்லை. முட்டி வலி, டாக்டர் சைக்கிளே கூடாது என்றுவிட்டார், இனிமேல் பஸ்தான் என்றார். நானும் "சரி சார்" என்றேன். அவர் பேண்ட்டின் கணுக்காலில் கிளிப்பு அழுத்திய மடிப்பு தினமும் புதிதாகத்தான் இருந்தது. பத்து நிமிஷம் முன்னால் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார், அவ்வளவுதான். மாட்டுங்காக்காரன் ஒருவனோடு அவர் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வருவார். அவன் மாட்டுங்காக்காரன் இல்லை என்று தன் வாயாலேயே சொல்லிவிட்ட பிறகு, பாவம், அவரால் வர முடியவில்லை. கடைசிவரை என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்.

நான் சைக்கிளை மறுபடியும் எடுத்தது அடுத்த நாள். சாயங்காலம் தனியாகக் கிளம்பினேன். மழை விட்டிருந்தது. சயான் வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை, யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியதில்லை. இருந்தும் சைக்கிள் இடது பக்கம் திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரி மதில் பாதி வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. நிறுத்தி, காலை ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வண்டியைத் திருப்பினேன். மஞ்சள் தொப்பிக்காரர் என்னைப் பார்த்தார். கையை நீட்டிப் பாலத்தைக் காட்டினேன். அவர் வழிவிட்டார்.

பாலம் ஏறி இறங்கினேன். குழாயில் அப்போதுதான் தண்ணீர் வந்திருந்தது. பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். என் மனைவி எழுந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், நாலு நாளில் முதல் தடவையாக. சைக்கிளை நிறுத்தினேன். அவள் என்னைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"நேரேயா வந்திய?" என்று கேட்டாள்.

"ஆமா."

பாலம் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"இம்புட்டுக் கிட்டயா இருக்கு?"